மரகதம், நான் குழம்பு வைத்த ஞாயிற்றுக்கிழமை

என் மரகதத்துக்கு,

எங்கே இருந்தாலும் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அப்புறம் இதைப் படி. பசியோடு எதைப் படித்தாலும் உனக்குக் கோபம் வரும்.

உன்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த ஐப்பசி மழையெல்லாம் போய், இப்போது வைகாசி வெயில் செங்கல்பட்டை வறுத்துக்கொண்டிருக்கிறது. ஏரியில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பஸ் நிலையத்தில் பார்க்கிறவன் எல்லாம், "வூட்ல சோத்துக்கு இன்னாப்பா பண்ற?" என்று கேட்டுக் கேட்டு என்னைப் பேஜாராக்கிவிட்டான். ஒருத்தனுக்கும் நான் நேராகப் பதில் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன், அவர்களும் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

சோறு நான்தான் ஆக்குகிறேன்.

சிரிக்காதே. பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி தேடித்தான் இந்த மனுஷன் அடுப்பங்கரைக்கு வருவான் என்று தெருக்குழாயடியில் நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெரியும். அது உண்மைதான். பஸ்ஸில் எழுபது பேரை நெருக்கி நிற்கவைத்து டிக்கெட் கிழிக்கச் சொல், கிழிக்கிறேன். ஒரு வெங்காயத்தை உரிக்கச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். இப்போதும் வருகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை என் அக்கா இருந்து ஆக்கிப் போட்டாள். அரக்கோணத்தில் அவளுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறதே, எத்தனை நாள் இருப்பாள்? அவள் போனதும் ஓட்டல்தான். காலையில் இட்லிப் பொட்டலம், ராத்திரி புரோட்டா. செல்வி வைத்ததைச் சாப்பிட்டாள். பாப்பாவுக்கு வயிறு கெட்டது, சரியாயிற்று, மறுபடி கெட்டது.

பக்கத்து வீட்டில், "பெரிய பொண்ணுக்குத்தான் பதினோரு வயசாவுதே, அது ஆக்கட்டுமே" என்றார்கள். செல்வியை அடுப்படியில் உட்காரவைத்தால் அவள் படிப்பு அதோடு சரி என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ சொன்னாயே, அதை நான் எப்படி மறப்பேன்? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தைப் பொங்கலுக்கு அக்கா வந்தாள். பாப்பாவைத் தூக்கியவள், அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

"டேய் லிங்கம், இன்னாடா கொழந்த இப்டி எளச்சிகீது? ஒண்ணு, இந்த வூட்டுக்கு ஒரு பொண்ணக் கொண்டா. இல்லாங்காட்டி பாப்பாவ நான் அரக்கோணம் இட்டுகினு பூடறேன். வைகாசி வரைக்கும் பாப்பேன், அதுக்கு மேல உன்ன நம்ப மாட்டேன்."

அக்கா கெட்டவள் இல்லை, உனக்கே தெரியும். பாப்பாவைத் தன் பிள்ளைபோலத்தான் வளர்ப்பாள். ஆனால் பாப்பா இன்னும் செல்வியின் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். இரண்டு பேரில் ஒருத்தியை ரயிலேற்றிவிட்டு மற்றவளை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்? இன்னொரு கல்யாணமோ, என்னால் நினைக்கவே முடியவில்லை. நீ கொடியில் போட்ட புடவையை நான் இன்னும் மடிக்கவே இல்லை, மரகதம்.

அதனால் அடுப்பைப் பற்றவைத்தேன். வேறு வழி தெரியவில்லை.

முதல் சாம்பார் கதையைக் கேள். பருப்பு அரைவேக்காட்டில் இருக்கும்போதே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டேன். அதற்கப்புறம் எவ்வளவு விறகு வைத்தாலும் அது வேகவே இல்லை. புளி விழுந்தால் பருப்பு வேகாது என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது என்னிடம் சொன்னாயா? செல்வி ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சுண்டலா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

சாம்பார் ஒருவழியாகப் பிடிபட்டது. ரசமும் வந்தது. மீன்தான் வரவில்லை. பாப்பாவோ உன் மகள், மீன் இல்லாவிட்டால் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள்.

என் தடத்தில், புதுப்பட்டினத்தில் ஏறும் மீன்காரப் பெண்களோடு நான் போடும் சண்டை உனக்குத் தெரியும். கூடையை மேலே ஏற்று, தண்ணி சொட்டுது, நாற்றம் தாங்கவில்லை என்று தினமும் கத்துவேன். அதில் கன்னியம்மா என்று ஒருத்தி, எனக்கு வாய்க்கு வாய் கொடுக்கிறவள். ஒருநாள் அவள் கூடையருகே போய் நின்றேன்.

"இன்னா கண்டக்டரே, டிக்கெட்டு குடுக்காம கூடைய மொறச்சிகினு நிக்கற?"

"கொழந்தைக்கு முள்ளு கம்மியா எந்த மீனு நல்லது?" என்றேன்.

"அடப்பாவி, இத்தினி நாளா நாத்தம் நாத்தம்னு கத்திகினு இருந்த. இப்ப அந்த நாத்தம் வேணுமா உனக்கு?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. நீ போய்ச் சேர்ந்தது அவளுக்குத் தெரியாது. கூடையைக் கிளறிக் கிழங்கான் மீனாகப் பொறுக்கி இலையில் கட்டிக் கொடுத்தாள். "கொழம்பு நல்லா கொதிச்சி எண்ண மேல வந்தப்புறம் மீனப் போடு. போட்டுட்டு கரண்டி வுட்டுக் கிண்டின, அவ்ளோதான், முள்ளும் சதையுமா பூடும். சட்டியப் புடிச்சி ஒரு சுத்து சுத்து, போதும்."

கூடை இப்போதும் தண்ணி சொட்டுகிறது, நான் இப்போதும் கத்துகிறேன். ஆனால் கிழங்கான் இருந்தால் எனக்கு எடுத்து வைத்துவிடுகிறாள். பாப்பாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, இடுப்பில் பாவாடை நிற்கிறது.

இதையெல்லாம் கடிதம் போட்டு அக்காவுக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆம்பிளை ஆக்கிப் பிள்ளை தேறுமா என்று பதில் எழுதிவிட்டு, மதுராந்தகம் பக்கத்தில் ஒரு பெண்ணும் பார்த்துவிட்டாள். பெண்ணின் அப்பா ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார் என்று சொல்லிக்கொண்டு சனிக்கிழமையே வந்து இறங்கினாள். வந்தவள் பாப்பாவின் சட்டை பாவாடையெல்லாம் ஒரு துணிப்பையில் அடுக்கி வாசற்படியோரம் வைத்தாள்.

"நாளிக்கு பேச்சு முடிஞ்சா இத பிரிச்சி வெச்சிடறேன். முடியலன்னா கொழந்த எங்கூட வருது."

அவளிடம் வாதாடிப் பார்த்தேன். பாப்பாவின் கன்னத்தைக் கூடக் காட்டினேன். வெயிலில் வீங்கியிருக்கிறது என்கிறாள், என்ன செய்வது?

மறுநாள் காலையில் அக்கா கேசரி கிண்டி வைத்தாள். வருகிறவர் வரவில்லை. உச்சி வெயிலும் ஆகிவிட்டது. இனிமேல் வரமாட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பிள்ளைகளுக்குப் பசிக்குமே என்று சட்டியை ஏற்றினேன். கிழங்கான், ஒரு மாங்காய், ரெண்டு கத்தரிக்காய். "நல்ல காரியம் பேசற அன்னிக்கி கவுச்சியா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

குழம்பு இறக்குகிற நேரத்தில் பெண்ணின் அப்பா, அந்தப் பெரியவர், வந்து நின்றார். படாளத்தில் பஸ் ரிப்பேராகி, வெயிலில் நடந்து, கிடைத்த லாரியில் ஏறி வந்திருக்கிறார். கூட வருவதாக இருந்த மச்சானும் வரவில்லையாம். வேட்டியெல்லாம் புழுதி. அக்கா கேசரியை நீட்டினாள். ஒரு விள்ளல் எடுத்தார், தொண்டையில் இறங்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனுஷன். மூக்கு மட்டும் அடுப்பங்கரைப் பக்கமே இருந்தது.

"உள்ள இன்னா கொழம்பும்மா?" என்றார் கடைசியில்.

அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கவுச்சி என்று திட்டியவள், ஓடிப்போய் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சம்பந்தம் பேச வந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. காபி பலகாரத்தோடு சரி. சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பின்வாங்கினால் இரண்டு குடும்பத்துக்கும் அசிங்கம். உன்னைப் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாசனையை மோந்துகொண்டு பசியோடு திரும்பிப் போனவன்தானே நான்.

நாலு மாசம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றதே கல்யாணம் வேண்டாம் என்பதற்குத்தான். இப்போது என் குழம்பே எனக்குக் கல்யாணம் கட்டி வைக்கப் பார்க்கிறது. பசித்து வந்தவருக்குச் சோறில்லை என்று சொல்லவும் முடியாது. பெரியவர் இலைமுன் உட்கார்ந்துவிட்டார். அக்கா பரிமாறச் சொல்லிக் கண்ணைக் காட்டுகிறாள். நான் சட்டியும் கையுமாக நிற்கிறேன்.

என்ன வந்தாலும் வரட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பெரியவரே, பசிக்கு சாப்புடுங்க, நான் மனசாரப் போடறேன். ஆனா சம்மதம்னு நெனச்சி கைய வெக்காதீங்க. எனக்கு கல்யாணம் வேணாம். எங்கக்கா கொழந்தைங்க சோத்துக்கு பயந்துகினு உங்கள இட்டாந்துட்டா. தப்பா எடுத்துக்காதீங்க."

அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். செல்வி பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளறை வாசலில் நின்றாள். பெரியவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இத ஆக்குனது யாரு?"

"நான்தான்."

"கொழந்தைங்களுக்கு தெனம் ஆக்கறதும் நீங்கதானா?"

"ஆமா. டூட்டிக்கு போறதுக்கு முன்னால ஒரு வாட்டி, வந்து ஒரு வாட்டி."

என் கையிலிருந்த சட்டியை எட்டிப் பார்த்தார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார். "சம்பந்தம் பேச வந்தவன்தாம்மா கை நனைக்கக் கூடாது. வெயில்ல பசிச்சி வந்தவன் சாப்புடலாம். நான் இப்ப ரெண்டாவது ஆளு, சோத்தப் போடச் சொல்லு." இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கினார். மூன்றாவது தடவை மாங்காய்த் துண்டு மட்டும் கேட்டார். கை கழுவும்போது, "சோறாக்க ஆளில்லன்னு சொன்னாங்க, என் பொண்ண ரெண்டாந்தாரமா குடுக்க அரமனசோட கெளம்பி வந்தேன். இங்க சோறு ஆவுது தம்பி. எனக்கும் மனசு லேசாச்சி" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். எனக்கு அழுகை வந்துவிட்டது, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

அக்கா சாப்பிடவில்லை. சாயங்காலம் அந்தத் துணிப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். நானும் செல்வியும் பின்னால் போனோம். செல்வி என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அக்காவை எதிர்த்து மல்லுக்கட்டிப் பிள்ளையைப் பிடுங்குவதா, காலில் விழுவதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

அரக்கோணம் வண்டி வந்து நின்றது. அக்கா குனிந்து பாப்பாவை முத்தமிட்டாள், தான் மட்டும் ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பை அவள் மடியிலேயே இருந்தது. வண்டி ஊதியது.

"நாளிக்கு கொழந்தைக்கு இன்னா ஆக்கப் போற?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"சொரக்கா கூட்டு."

"தேங்கா கம்மியா போடு. அவளுக்கு சேராது."

சொல்லிவிட்டுப் பையை ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தாள்.

மரகதம், நான் பெரிய சமையல்காரன் ஆகிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். தோசை இன்னும் கல்லோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. வெங்காயம் உரிக்கும்போது வருகிற எரிச்சலும் போகாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை நம்பலாம். கல்யாணமாகித் தாங்களாகப் புறப்படுகிற நாள்வரை உன் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிடுவார்கள். சூடாகச் சாப்பிடுவார்கள்.

செல்விக்கும் பாப்பாவுக்கும் அப்பன்,
எப்போதும் உன் வீட்டுக்காரன்
லிங்கம்