திரும்பி வந்த தைலம்

மார்ச் 4, திங்கள்
எழுத வேண்டியவை:
1. ஸாஹிர் யூகலிப்டஸ் தைலத்தைத் திருப்பி அனுப்பியது.
2. என் முறையைச் சோதிப்பது.
3. தவறு என்னுடையதே.

பதுளையில் வலிக்குத் தைலம் செய்து விற்கும் ஸாஹிர், நெடி கூடிவிட்டதென்று எங்கள் தைலத்தில் ஒரு போத்தலைத் திருப்பிவிட்டார். இன்னொரு தடவை இப்படியானால் வாங்கமாட்டாராம். இலையில் வடித்த தைலத்திலிருந்து நெடியைப் பிரிப்பது நான். போத்தலில் ஊற்றிக் கொண்டுபோவது மருமகன் ஷெல்டன். ஸாஹிர் விலகினால், இலை தரும் ஸ்பிரிங்வெளித் தோட்டப் பெண்களுக்கு என்ன சொல்வது?

மார்ச் 5
மூடிய இரும்புக் கலத்தில் நீரை நூற்றைம்பது பாகைக்குச் சூடாக்கினாலும் அழுத்தம் அதைக் கொதிக்க விடாது. அந்த நீர் தைலத்தின் மருந்துச் சத்தைக் கரைத்துக்கொள்ளும். நெடியுள்ள பகுதி கரையாமல் மிஞ்சும். நீரை அடியிலிருந்து எடுத்துக் குளிரவிட்டால் சத்து பிரிந்துவரும். இவ்வளவுதான். முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். அவசரப்பட்டு வால்வைத் திறந்து நெடியையும் சேர்ந்து வரவிட்டேனா?

மார்ச் 8
இலை கொண்டுவந்த விஜயலெட்சுமி சிரித்தாள். "ஒங்களுக்குக் கை நடுங்குதாமே மாஸ்டர்? மருமகன்தான் ஸாஹிர் மொதலாளிகிட்ட சொன்னாராம். எங்க, ஊசியில நூலு கோத்துக் காட்டுங்க பாப்போம்."
அவள் போனபின் கையை நீட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை. பார்க்கும்போது மட்டும் நடுங்காதோ?

மார்ச் 10, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை.
ஒவ்வொரு தடவையும் பிரித்ததில் கொஞ்சம் எடுத்துவைப்பது என் வழக்கம். அதில் சிறிது கலத்தில் போட்டேன், முழுதும் கரைந்தது. திரும்பி வந்த போத்தலில் இருந்தும் சிறிது அதே சூட்டில் போட்டேன். மஞ்சளாய் ஒரு படலம் மிஞ்சியது. மணந்து பார்த்தேன். நான் கழித்த பகுதி. தரை கழுவவென்று ஷெல்டன் கேனில் கொண்டுபோனது.
மறுபடி செய்தேன். அதே.

மார்ச் 11
எடுத்துவைத்தது, திரும்பி வந்தது, இரண்டு போத்தல்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஷெல்டன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "அளவு கூடட்டும்னு கொஞ்சந்தான் மாமா கலந்தேன். வயசானவரு, கை தவறிருச்சுன்னா ஸாஹிர் பொறுத்துக்குவாருன்னு நெனச்சேன்."
மகள் ஜெசீகா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். உனக்குத் தெரியுமா என்றேன்.
"சண்டை வேணாமேன்னுதான்ப்பா."
இவளுமா? நான் பெத்த புள்ள — என் கை நடுங்குதுன்னு ஊரே பேச விட்டுட்டு, தெனம் எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருக்கா.

மார்ச் 12
தேத்தண்ணியை நானே ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 14
முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். எடுத்துவைத்திருந்த தைலத்தை ஸாஹிர் முன்னால் நானே சிறு குப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் தைலத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மருமகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இனி நானே கொண்டுவருவேன் என்று மட்டும் சொன்னேன். சரி என்றார்.
கலம் இருக்கும் அறையின் சாவி இப்போது என் சட்டைப்பையில்.
நாலாம் தேதி எழுதியதில் மூன்றாவது பிழை.