இடியாப்ப மோட்டாரை விடுவிக்கவும், என் பழைய புகாரைத் திரும்பப் பெறவும்

அனுப்புநர்:
அய்யாவு த/பெ தம்புசாமி,
எண் 18, லோரோங் மெலூர் 4, தாமான் மெலூர் ஜெயா,
பண்டமாரான், கிள்ளான்.

பெறுநர்:
திருமதி குணேஸ்வரி விநாயகமூர்த்தி,
உரிமப் பிரிவுத் தலைவர்,
மெலூர் வட்டார நகராண்மைக் கழகம்.

பொருள்: 2023 மார்ச்சில் நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதும், திருமதி தங்கமணியின் பறிமுதல் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிளை இம்மாதம் 31ஆம் தேதி ஏலத்துக்கு முன் விடுவிக்கக் கோருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பழைய புகாரை என் மகள் மலாய் மொழியில் எழுதிக் கொடுத்தாள். இதை நானே தமிழில் எழுதுகிறேன். தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்பது ஒரு காரணம். இதில் உள்ளதை மகள் படிக்க எனக்கு வெட்கமாக இருப்பது இன்னொரு காரணம்.

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மோட்டாரின் பின்னால் பெட்டி கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு, இந்தத் தாமான் குடியிருப்பில் காலை வேளையில் இடியாப்பம் விற்று வந்தவன். சாலாக் செலாத்தானிலிருந்து இங்கே குடிவந்த தங்கமணி அதே தொழிலை, நான் போகும் அதே சந்துகளில் தொடங்கினார். ஒரு பொட்டலத்தில் நான் ஐந்து வைப்பேன். அதே விலைக்கு அவர் ஆறு வைத்தார். தேங்காய்ப்பூவிலும் கஞ்சத்தனம் இல்லை.

2. எனக்கு வயிறு எரிந்தது. உரிமம் இல்லாதவர், சுத்தம் இல்லாதவர், வெளியூர்க்காரர் என்று தங்கள் அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தேன். முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தக் கையெழுத்துகளை நான் எப்படி வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கையில் பொட்டலத்தையும் மறு கையில் தாளையும் நீட்டினேன். பசியோடு நிற்பவர் தாளைப் படிப்பதில்லை. பாதிப் பேர் அது சாக்கடை அடைப்பு பற்றிய மனு என்றே நினைத்திருந்தார்கள், நானும் திருத்தவில்லை.

3. தங்கமணிக்கு உரிமம் இல்லை என்பது மட்டும் உண்மை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். சுத்தம் இல்லை என்பது பொய். பக்கத்து வீட்டு லோகனை அனுப்பி அவரிடம் ஒரு பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்திருந்தேன். சுத்தமாக இருந்தது. என்னுடையதைவிட மிருதுவாகவும் இருந்தது. அதற்குப் பிறகு நான் மாவை இரண்டு தடவை சலிக்க ஆரம்பித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் என் இடியாப்பம் நன்றாக இருந்தது அந்தச் சில மாதங்களில்தான்.

4. கழகம் என் புகாரை நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டது. 2024 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன. சந்துகளில் யாரும் விற்கக் கூடாது. எல்லாரும் பாசார் சந்தைக்குப் பின்னாலுள்ள காலை உணவு வளாகத்தில்தான் விற்க வேண்டும். பொட்டலத்துக்கு ஐந்து, அதற்கு ஒரே விலை. ஹாரன் அடிக்கக் கூடாது. அவரை விரட்டச் சொன்னேன், எல்லாரையும் விரட்டினீர்கள். இதில் தங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்டவன் நான்.

5. அந்த வளாகத்தில் இடியாப்பம் விற்பவர்கள் நான்கு பேர் வரிசையாக நிற்கிறோம். வாங்க ஆளில்லை. எங்களிடம் வாங்கியவர்கள் கைலியோடும் நைட்டியோடும் வாசலுக்கு வந்து தட்டை நீட்டியவர்கள். துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வரும் லோகன் இரண்டு பொட்டலம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர். அவர் காரை எடுத்து, பார்க்கிங் தேடி, வரிசை தாண்டி வந்து வாங்குவாரா? இப்போது பிஸ்கட் தின்று தூங்குகிறார். ஒன்பது மணிக்கு மேல் மீந்ததை முன்பு மலிவாகத் தள்ளிவிடுவேன். இப்போது விலையைக் குறைத்தால் அபராதம்; கொட்டினால் அபராதம் இல்லை. கொட்டுகிறேன்.

6. வியாபாரம் இல்லை என்று முறையிட்டபோது கழகம் உதவிகள் செய்தது. குடை வந்தது, பச்சை ஏப்ரன் வந்தது, வட்டியில்லாக் கடன் வந்தது, வாடிக்கையாளரை எப்படி ஈர்ப்பது என்று அரை நாள் வகுப்பும் வந்தது. வகுப்பு எடுத்தவர் நல்ல பையன். வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மையீர், கையைக் கட்டிப் போட்டுவிட்டு ஊட்டிவிட வருவது உதவியாகாது. கட்டை அவிழ்த்தால் நாங்களே சாப்பிட்டுக்கொள்வோம்.

7. வாடிக்கையாளர்கள் போனில் கூப்பிட்டதால் தங்கமணி மீண்டும் சந்துக்குள் போனார். இந்த ஆண்டு ஜூன் 17 காலை, தங்கள் அமலாக்கப் பிரிவினர் அவருடைய மோட்டாரைப் பெட்டியோடு லோரியில் ஏற்றினார்கள். பெட்டியில் ஆவி பறந்துகொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கணவரை இழந்தவர். அந்த மோட்டார்தான் அவருடைய கடை. 31ஆம் தேதிக்குப் பிறகு அது வேறொருவருடையது.

8. மறுவாரம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் நன்றாக மனு எழுதுவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, எவனோ எம்மேல புகார் எழுதிக் குடுத்துட்டானாம் லா. நீங்கதான் எனக்கு ஒரு மனு எழுதித் தரணும்" என்றார். பறிமுதல் கடிதத்தையும் காட்டினார். அதில் "குடியிருப்பாளர் புகாரின் அடிப்படையில்" என்று இருந்தது. கீழே என் புகாரின் எண். அந்த எண் எனக்கு மனப்பாடம். எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் எனக்காக ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார்.

9. கழகமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் சுத்தமா என்று பாருங்கள், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று கேளுங்கள், சாக்கடையில் கொட்டுபவனுக்கு அபராதம் போடுங்கள், வாங்குபவரை ஏமாற்றுபவனைப் பிடியுங்கள். இது தங்கள் வேலை. வேறு யாராலும் ஆகாது. ஆனால் யார் எந்தச் சந்தில் விற்பது, பொட்டலத்தில் எத்தனை வைப்பது, என்ன விலை சொல்வது என்பதை விற்பவரும் வாங்குபவரும் வாசலில் நின்று பேசிக்கொள்ளட்டும். தாங்கள் அதை முடிவு செய்ய ஆரம்பித்தால், முதலில் தங்கள் கதவைத் தட்டுபவன் என்னைப் போல ஒரு பொறாமைக்காரனாகத்தான் இருப்பான். ருசியாகச் சமைப்பவருக்கு மனு எழுத நேரம் இருக்காது.

ஆகவே, என் 2023ஆம் ஆண்டுப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அதில் சுத்தம் பற்றி எழுதியது பொய் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கான தண்டனை இருந்தால் என் பெயருக்கு அனுப்புங்கள். தங்கமணியின் மோட்டாரை அபராதமின்றி ஒப்படைத்து, அவருடைய விண்ணப்பத்துக்கு உரிமம் வழங்குங்கள். எங்கள் எல்லாரையும் சந்துகளுக்குத் திரும்ப விடுங்கள். லோரோங் மெலூர் 4இல், என் வீட்டு வாசலிலேயே, அவர் ஆறு வைத்து விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் தோற்றால் அது இடியாப்பத்தில் தோற்றதாக இருக்கட்டும்.

தங்கள் முடிவை 31ஆம் தேதிக்குள் எதிர்பார்க்கும்,

(அய்யாவு த/பெ தம்புசாமி)
இடம்: பண்டமாரான்
நாள்: 14 ஜூலை 2025

நகல்: திருமதி தங்கமணி. தபாலில் அல்ல. இன்று மாலை அவர் வீட்டுக்குப் போய், ஒரு வரி விடாமல் நானே வாசித்துக் காட்டிய பிறகுதான் இம்மனு தங்கள் அலுவலகத்துக்கு வரும்.