முனிக்கு ஆரஞ்சு கலர்

30.9.2005, வெள்ளி
காந்தி ஜெயந்திக் கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. தலைப்பு ‘மதுவின் தீமைகள்’. பரிசு ஒரு பீங்கான் குவளை. அப்பா வேலை செய்யும் கம்பெனிச் சாமான்தான். அவர் எரித்த சூளையில் வெந்தது. கணக்கு சார் கோதண்டபாணி கொடுத்தார். “செருப்பக் கையில எடுத்துக்கிட்டு சத்தமில்லாம வூட்டுக்குள்ள நொழைவார்னு எழுதியிருக்கியே, அது எந்தப் புஸ்தகத்துலம்மா இருக்குது?” என்று கேட்டார்.

நூலகத்தில் படித்ததாகச் சொன்னேன்.

ராத்திரி அப்பா அந்தக் குவளையில்தான் ஊற்றிக் குடித்தார். எதிர்வீட்டு பூவாயி அத்தையிடம் தூக்கிக் காட்டி, “எம் பொண்ணு வாங்கின பரிசு” என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

4.10.2005
முதலாளி நடராசன் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாராம். “போன தடவ ஒங்க வூட்டுக்காரரு கலியமூர்த்தி சூளைகிட்டயே தூங்கிட்டாரு. பாதி சாமான் வேகல. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேம்மா.” அப்பாவுக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. அம்மா வந்து சொல்லிவிட்டு அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

6.10.2005
என் வகுப்பு ஜெனிபரிடம் அப்பா குடிப்பதைச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அவள் அதிர்ச்சியே அடையவில்லை. “எங்க மாதா கோயிலுக்குப் பின்னாடி ஹால்ல ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்குதுடி. குடிய விட்டவங்க, விடணும்னு நெனைக்கிறவங்க வருவாங்க. யாரும் பேரு கேக்க மாட்டாங்க. அங்க பாத்தத வெளிய சொல்லவும் கூடாது.”

வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார். “பேரு கேக்காத எடமா? டாஸ்மாக்லயுந்தான் கேக்கறதில்ல.”

அம்மா சிரிக்கவில்லை. “அங்க வேல போவும். இங்க போவாது. போயிட்டு வாங்க” என்றாள்.

9.10.2005, ஞாயிறு
போனோம். போகும் வழியிலேயே அப்பா என்னை நிற்க வைத்துவிட்டு ஒரு குவார்ட்டர் போட்டுக்கொண்டு வந்தார். அந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போகத் தைரியம் வேண்டுமாம்.

ஹால் வாசலில் ஒருவர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோதண்டபாணி சார்! பத்து வருடப் பள்ளிப் பழக்கம் — விறைப்பாக நின்று, வகுப்பே கேட்கிற மாதிரி, “வணக்கம் கணக்கு சார்” என்று சொல்லிவிட்டேன். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெயர் கேட்காத இடத்தில் ஒருத்தருடைய உத்தியோகத்தையே அறிவித்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சார் நாற்காலியைக் கீழே வைத்தார். “வணக்கம்மா. படிக்கட்டுல ஒக்காரு. அப்பாவ நான் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

திரும்பி வரும்போது அப்பா சலித்துக்கொண்டார். “வாட பாத்து வெரட்டிடுவாங்க, வூட்டுக்குப் போயிடலாம்னு நெனச்சேன். நாற்காலி போட்டுட்டாங்க.”

10.10.2005
வகுப்பில் சார் என் பக்கம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இருவரும் வடிவொத்த முக்கோணத்தை மட்டும் பார்த்தோம்.

17.10.2005
அப்பா தெருவில் விழுந்து கிடந்த நாட்களில் யாரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. இரண்டு ஞாயிறு மாதா கோயில் பக்கம் நடந்ததும் பூவாயி அத்தை வந்துவிட்டாள். “ஏண்டி செல்வநாயகி, மதம் மாறிட்டீங்களாமே? குடும்ப மானம் என்னாவறது?”

அம்மா, “அதெல்லாம் முன்னாடியே போயிடுச்சுக்கா, டீ குடிக்கிறீங்களா?” என்றாள்.

26.10.2005
நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டார். இன்று இல்லை. நேற்றும் இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

6.11.2005, ஞாயிறு
தீபாவளி தாண்டிவிட்டது. குடிக்கவில்லை. இப்போது வேறு சிக்கல். வெள்ளிக்கிழமை கார்த்திகை விளக்குகளுக்குச் சூளை மூட்ட வேண்டும். மூட்டும் முன் முனீசுவரனுக்கு எலுமிச்சை, சுருட்டு, குவார்ட்டர் படைப்பார்கள். படைத்த பாட்டில் சூளை எரிப்பவருக்கு. எரிப்பவர் அப்பா.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் சாரிடம் கேட்டார்: “நான் விட்டுட்டேன் சார். முனிக்கு எப்படிச் சொல்றது?”

“இத்தன வருசம் படைச்சத யாரு குடிச்சது?”

“நாந்தான்.”

“அப்ப முனி எப்பவோ விட்டுட்டாரு.”

அப்பா வெகுநேரம் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “பாட்டிலக் கையால தொறக்கணும் சார். அதான் பயமா இருக்குது” என்றார்.

11.11.2005, வெள்ளி
அப்பா என் பரிசுக் குவளையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் பின்னாலேயே போனேன்.

எலுமிச்சையும் சுருட்டும் வைத்தார். பையிலிருந்து ஆரஞ்சு கலர் சோடா பாட்டிலை எடுத்துக் குவளையில் ஊற்றி முனிக்கு முன்னால் வைத்தார். அச்சு வார்க்கும் பச்சமுத்து மாமா தலையில் அடித்துக்கொண்டார். “யோவ் கலியமூர்த்தி, முனிக்குச் சளி புடிக்கப் போவுதுய்யா.” முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா கற்பூரம் ஏற்றினார். விளக்குகள் வேகாவிட்டால் பழி யார் மேல் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

14.11.2005
சூளை பிரித்தார்கள். விளக்குகள் வெந்திருந்தன. சில விரிசல் விட்டிருந்தன. பச்சமுத்து மாமா அதில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “பாத்தியா, முனி கோவம்” என்றார்.

முதலாளி பொறுக்கிப் பார்த்தார். “போன தடவ குவார்ட்டர் குடிச்ச முனி பாதி சாமான வேகவே விடலியே. இனிமே கலரே படைங்க.”

சூளை எரிந்தபோது அப்பா தூங்காமல் முழித்திருந்தார் என்பதை யாரும் சொல்லவில்லை. பேர் முழுக்க முனிக்கு.

21.11.2005
நேற்று அப்பா தனியாகவே கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். திரும்பும்போது வாசலிலேயே செருப்புச் சத்தம் கேட்டது.

இன்று வராந்தாவில் கணக்கு சார் நிறுத்தினார். மாவட்ட அளவில் கட்டுரைப் போட்டியாம். அதே தலைப்பு.

“எழுதறியாம்மா?”

“எழுதறேன் சார். ஆனா இந்தத் தடவ புஸ்தகத்தப் பாத்துத்தான் எழுதணும்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லது. நூலகத்துல நெறைய இருக்குது” என்றார்.