பொன்மலை பிரேக்கிங் நியூஸ்

பொன்மலை,
திருச்சி.

அன்பு யூசுப்புக்கு,

ஸ்தனிஸ்லாஸ் எழுதுகிறேன். நீயும் மகன் வீட்டாரும் ஷார்ஜாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், அங்கே நான் எழுதுவதை இனி யார் நம்புவார்கள்?

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிடையர் ஆனபின் நாம் இருவரும் தொடங்கிய 'பொன்மலை பிரேக்கிங் நியூஸ்' குழு ஓய்ந்துவிட்டது. முக்கொம்பில் நம் புளிசாதப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கிப் போனதை, டிவிக்காரர்கள் மாதிரி நாள் முழுக்க நேரலையாக ஓட்டினாயே. இப்போது ஜெயக்குமார் மட்டும் காலையில் ரோஜாப்பூ படம் அனுப்புகிறான்.

அந்தக் குழுவில் என்னை எத்தனை தடவை சாகடித்திருப்பாய். 'ஸ்தனிஸ்லாஸ் காலமானார். காரணம், மனைவி வைத்த ரசம்.' அதைப் படித்து எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் சகாயராணிதான். யூசுப் அண்ணன் ரசம் கேட்டு வரட்டும், அப்ப பாத்துக்கிறேன் என்பாள்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் போனை எடுத்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லத் தெம்பில்லை. குழுவில்தான் எல்லோரும் இருக்கிறீர்களே என்று 'சகாயராணி காலமானார்' என்று போட்டேன். வரிசையாகச் சிரிப்பு முகங்கள் வந்தன. நீ, 'காரணம் ரசமா?' என்று கேட்டிருந்தாய். யாரைக் குறை சொல்வது? நாம் பழக்கியது அப்படி. வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகுதான் இங்கே இருக்கிறவர்கள் அலறியடித்து ஓடி வந்தார்கள். அவரவர் போட்டதை அழித்தும் விட்டார்கள். உன்னுடையது மட்டும் அப்படியே இருக்கிறது. அதை அழிக்காதே. அவள் பார்த்திருந்தால் அதற்குத்தான் முதலில் சிரித்திருப்பாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, யூசுப். நீ வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் டிவி மட்டும் கத்திக்கொண்டிருக்கிறது. ரசம் இப்போது நான்தான் வைக்கிறேன். உன் செய்தி உண்மையாகிவிடும் போலத்தான் இருக்கிறது. இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட ஆள் இல்லை.

சர்க்கரையைக் கவனித்துக்கொள், மாத்திரையை விடாதே. பேரப்பிள்ளைகளை மாதா காப்பாள். குழுவில் இன்னும் ஒரே ஒரு தடவை என்னைச் சாகடித்துவிடு. உயிரோடுதான் இருக்கிறேன் என்று நான் யாருக்காவது பதில் போட வேண்டும்.

உன் நிருபர்,
ஸ்தனிஸ்லாஸ்