வாசலில் கிடக்கும் ஐந்து பாகை

ஜூன் 3
இடது முழங்கால் உள்பக்கம் தேய்ந்துவிட்டது. வில்லாக வளைந்த கால். எடை முழுவதும் அங்கேயே இறங்குகிறதாம். டாக்டர் வோரவித் காலணிக்குள் வைக்க ஒரு மெத்தை கொடுத்தார். வெளி ஓரம் ஐந்து பாகை உயரம். பாதம் சாய்ந்தால் சுமை முழங்காலின் நடுவுக்கு நகருமாம்.
“மூணு மாசம் பாப்போம். குறையலேன்னா எலும்பை வெட்டித்தான் நிமிர்த்தணும், அக்கா.”
எலும்பு என்னுடையது.

ஜூன் 6
மெத்தை காலணிக்குள். காலணி வாசலில். நான் உள்ளே. வீடு, விகாரை, நான் வேலை பார்க்கும் பள்ளி நூலகம் – தாய்லாந்தின் இந்த லம்பாங்கில் எந்த வாசலிலும் இதே கதை. நேற்று மெத்தைமேல் நின்றது மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். மற்ற நேரம் அது யாருடைய முழங்காலைக் காத்தது?

ஜூன் 9
புதுக் காலணியில் மெத்தையை வைத்து வீட்டுக்குள் நடந்தேன். கணவர் பிராசித் சோற்றுருண்டையைக் கீழே வைத்தார்.
“எங்கம்மா படத்துக்கு முன்னாடியா?”
“புதுசுங்க. மண்ணே மிதிக்கல.”
“அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு யாரு சொல்றது?”
கழற்றினேன்.

ஜூலை 15
ஆறாம் வாரப் பரிசோதனை. சுமை அளக்கும் தட்டின்மேல் நான்கு முறை நடந்தேன். மாற்றமில்லை. டாக்டர் முகம் வாடியது.
“பதினோரு பேருக்குக் குடுத்தேன். ஒருத்தருக்கும் குறையல.”
“மெத்தை வெளிய இருக்கு, டாக்டர்.”
“எங்க?”
“உங்க செருப்பு ஸ்டாண்டுல. அந்தப் பதினோரு பேரும் அங்கதான விட்டிருப்பாங்க?”
அவர் தம் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார்.

ஜூலை 16
டாக்டர் தட்டைத் தூக்கி வண்டி நிறுத்துமிடத்தில் போட்டு, காலணியோடு நடக்கவைத்து அளந்தார். சுமை நூற்றுக்கு ஆறு குறைவு.
“பலன் இருக்குக்கா! நீங்க எங்கயும் உள்ள போகாம இருந்தா போதும்.”

ஜூலை 22
தலைமையாசிரியை சுனிசா சம்மதித்தார். என் மேசை நூலகத்துக்கு வெளியே, கூரை நிழலுக்கு வந்துவிட்டது. நாள் முழுவதும் காலணி.

ஆகஸ்ட் 5
படியில் பக்கவாட்டாகத் திரும்பாமல் நேராக இறங்கினேன். எழுதவே பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19
சாரல் அடிக்கிறதென்று யாரோ மேசைக்கு முன் பாய் விரித்தார்கள். பிள்ளைகள் பாய்க்கு அந்தப்பக்கம் செருப்பை விட்டுவிட்டு வருகிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகஸ்ட் 27
சுனிசா வந்தார். பாயருகே காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.
“தப்பா நெனைக்காதீங்கக்கா. பிள்ளைங்க பாக்குது.”
கழற்றினேன். இடைவேளையில் டாக்டருக்குப் போன் செய்து எலும்பை நிமிர்த்த நாள் கேட்டேன்.
செப்டம்பர் 11, காலை எட்டு மணி. சாப்பிடாமல் வரச் சொன்னார்.