தையல்காரியின் வயிற்றில் இருந்தது

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் ஒரு தையல்காரி வந்தாள். கணவன் இறந்து பல வருடமாகிறது. வயிறோ நிறைமாதம் போல் இருக்கிறது. கூட்டிவந்த தம்பி வார்டு வாசலிலேயே நின்றுகொண்டான். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய டாக்டர் கட்டிலருகே ஒரு நிமிடம் நின்றார். மாசமாக இருக்கிறாள், அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவள் அழவில்லை. "அப்படி எதுவும் நடக்கல, டாக்டரம்மா" என்றாள், ஏதோ பட்டன் அறுந்ததைச் சொல்வதுபோல.

நான் அனுப்பவில்லை. வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டேன். குழந்தையின் துடிப்பு இல்லை, அசைவும் இல்லை. அப்படியென்றால் உள்ளே என்ன?

பிப்ரவரி 5

விரலால் தட்டிப் பார்த்தேன். நடுவில் மொத்தென்ற சத்தம். இரண்டு பக்கமும் காலிப் பானை போல. நீர் கோத்த வயிறாக இருந்தால் நேர்மாறாக அல்லவா கேட்கும்?

ஒப்பிட ஒரு நல்ல வயிறு வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் படுக்கவைத்துத் தட்டினேன். அங்கே சோறுதான் இருக்கிறது, கதவைத் தட்டுவதுபோல் தட்டாதே என்றாள். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

புத்தகங்களைப் புரட்டிவிட்டேன். சூலகத்தில் கட்டி, நீர் நிறைந்த பை. அறுத்து எடுத்தால் பிழைக்கலாம். விட்டால் மூச்சு முட்டியே போய்விடுவாள். ஒரு பை இவ்வளவு பெரிதாக எப்படி வளர்கிறது? இத்தனை நீர் எங்கிருந்து ஊறுகிறது?

பிப்ரவரி 7

பெரிய டாக்டரை வற்புறுத்தி அழைத்துவந்தேன். இந்த முறை கைவைத்துப் பார்த்தார். கட்டிதான் என்று ஒப்புக்கொண்டார், தானே அறுப்பதாகவும் சொன்னார். இங்கே நான் பிரசவம் பார்க்கலாம், மருந்து கொடுக்கலாம். எந்தப் பெண்ணும் இதுவரை கத்தி எடுத்ததில்லை.

தையல்காரி மறுத்துவிட்டாள். "அவர் தொடாமலே சொல்லிட்டாரு. நீங்க தொட்டுப் பார்த்தீங்க. நீங்க பண்றதா இருந்தா படுக்கறேன்."

வராந்தாவில் பெரிய டாக்டர் என்னை நிறுத்தினார். "அவ செத்தா உங்களுக்கும் இங்க வேலை இல்ல. தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

பிப்ரவரி 9

அவ கேட்டப்போ பெருமையா இருந்துச்சு. இப்போ பயமா இருக்கு. பிணத்தைத்தானே இதுவரை அறுத்திருக்கேன்? பிணத்துக்கு ரத்தம் வராதே.

பிப்ரவரி 11

முடிந்தது. உயிரோடு இருக்கிறாள்.

வயிற்றைத் திறந்ததும் முத்துப்போல் வெளுத்த, பளபளக்கும் ஒரு சுவர். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். நர்ஸ் முழங்கையால் இடித்த பிறகுதான் கை வேலை செய்தது. பையில் குழாய் செருகியதும் பழுப்பு நீர் வாளி வாளியாக வந்தது. பின்பக்கம் குடலோடு ஒட்டியிருந்த இடத்தில் விரல் தடுமாறியது. வெளிச்சம் போதவில்லை. திடீரென்று போதுமானதாயிற்று. கதவருகே கைகட்டி நின்றிருந்த பெரிய டாக்டர் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

பிறகு தம்பியைக் கூப்பிட்டு, எடுத்ததைக் காட்டினேன். தொட்டியை எட்டிப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இதுக்கா நான் அக்காவை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன்?"

பிப்ரவரி 13

அவளுக்குக் காய்ச்சல். கடவுளே, வேண்டாம்.

பிப்ரவரி 15

கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கஞ்சி கேட்டாள். நான் போட்ட தையலைப் பார்த்துவிட்டு, இழை நெருக்கமாக இல்லை, துணியாக இருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பேன் என்றாள். பிழைத்துக்கொண்டாள்!

மார்ச் 6

தையல்காரி வீட்டுக்குப் போனாள். தம்பி வண்டி கொண்டுவந்திருந்தான். உடனே ஏறவில்லை அவள். அவனை வெயிலில் நிற்கவைத்துவிட்டு, வார்டில் ஒவ்வொரு கட்டிலாக நின்று ஆற அமரப் பேசிவிட்டுத்தான் கிளம்பினாள். காத்திருக்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

எடுத்த பையில் ஒரு துண்டை ஜாடியில் வைத்திருக்கிறேன். சுவரில் இத்தனை அடுக்கு எதற்கு? நாளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 17

பெண்கள் பெஞ்சின் ஓரத்தில் ஒரு ஆள் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூட்டை தூக்குகிறவன். ஆண்கள் வார்டு எதிர்ப்பக்கம் என்று நர்ஸ் சொல்லியும் நகரவில்லை. பெரிய டாக்டரிடம்தான் முதலில் போனானாம். அவர்தான் இங்கே அனுப்பியிருக்கிறார்.

"வயிறுன்னா அந்தம்மாகிட்ட காட்டுன்னாரு" என்றான்.

படுக்கச் சொன்னேன். குடலிறக்கமாக இருக்குமோ என்று தொடையிடுக்கில் கைவைத்து இருமச் சொன்னேன். விரலுக்கடியில் ஏதோ வந்து முட்டியது.