பாலத்தின் மேல் ஒரு கறுப்பு வட்டம்

இன்று காலையில் மட்டும் அந்தத் தொங்குபாலத்திலிருந்து எத்தனை தடவை விழுந்தேன் என்று எனக்கே தெரியாதுடா. நம் பழைய கோட்டை கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். வெளியிடுவதற்கு முன் ஆடிப் பார்த்துக் குறை சொல்வதுதான் இப்போது என் பிழைப்பு. கம்பெனி பெங்களூரில், நான் அரூரில் என் வீட்டு மாடியறையில். பாலம் திரையில் வந்ததும் "டேய், இங்க பாரு" என்று உன் பக்கம் திரும்பிவிட்டேன். பக்கத்தில் நாற்காலிகூட இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த பிரவுசிங் சென்டரில் நாம் ஆடியபோது ஆட்டத்தின் கேமரா அசையாது. மொட்டை மாடி மூலையிலிருந்து தெருவை எட்டிப் பார்க்கிற மாதிரி, சாய்வாக ஒரே பார்வை. கிட்டே நிற்பவனும் எட்ட நிற்பவனும் ஒரே உயரம். ஒருவன் குதித்தால் மேலே போகிறானா, பின்னால் போகிறானா என்றே புரியாது. நாங்கள் எல்லோரும் பள்ளத்தில் விழுந்து சாவோம். நீ மட்டும் ஓடியே தாண்டுவாய். சின்ன வயதில் கரும்புத் தோகை கிழித்து ஒரு கண் போனவன் நீ, தூரம் மட்டுப்படாமல் டம்ளர் விளிம்பில் சொம்பை முட்ட வைத்துத்தான் தண்ணீர் ஊற்றுவாய். உன்னிடம் தோற்பது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் தெரியுமா?

"கம்ப்யூட்டர் முன்னாடி எல்லாரும் ஒத்தக்கண்ணந்தான்டா," என்பாய். "எனக்குப் பழக்கம், உங்களுக்குப் பழக்கமில்ல, அவ்ளோதான். ஆளப் பாக்காத, காலுக்குக் கீழ நெழலப் பாரு."

காலடியில் வட்டமாக ஒரு கறுப்பு நிழல். ஆள் எவ்வளவு உயரம் குதித்தாலும் அது தரையோடு கூடவே வரும். அது பலகை மேல் இருந்தால் பலகையில் இறங்கலாம், இல்லையென்றால் பள்ளம்.

அதே புத்தியில்தான் நீ பைக்கும் ஓட்டினாய். சித்தேரியில் உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு மலையிறங்கிய மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? வெயில் இருந்தவரை எதிரே வரும் வண்டியின் அடியில் கிடக்கும் நிழலைப் பார்த்தே தூரத்தைப் பிடித்தாய். திடீரென்று மேகம் மூடியது. வளைவில் பஸ் ஏறி வந்தது.

"நெழல் இல்லடா! எவ்ளோ தூரத்துல வருது? சொல்றா!"

ரெண்டு கண்ணும் நன்றாக இருந்த நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டேனே தவிர தூரத்தைச் சொல்லவில்லை. பஸ்ஸின் முன் சக்கரம் ரோட்டைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டு, நீ வண்டியைத் தடுப்புச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாய். பஸ் நம் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது.

"டேய், கண்ணு தெரியலயா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"ஒண்ணு தெரியுதுங்க!" என்றாய். உனக்குச் சிரிப்பு.

அப்படித் தப்பித்தவன் போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய், தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. கேவலம் ஒரு கொசுக்கடி. நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது, அழுகை அப்புறம்.

புது ஆட்டத்தில் கேமரா ஆளின் முதுகுக்குப் பின்னால் இறங்கி வந்துவிட்டது. கிட்டே இருப்பது பெரிது, எட்டப் போகப் போகச் சிறிது. பள்ளத்தில் மூடுபனி, மலைமேல் சாயங்கால வெயில். அழகு இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் வெயில் சாய்ந்ததில் நிழலும் சாய்ந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. காலடி காலி. எங்கே இறங்குவோம் என்று யாருக்கும் தெரியாது. இன்றைய ஆன்லைன் கூட்டத்தோடு வேலை முடிகிறது, அதற்கப்புறம் எதையும் மாற்ற மாட்டார்கள். உன் வட்டத்தை இன்று காப்பாற்றினால்தான் உண்டு. காலடியில் அதைத் திரும்ப வைக்கச் சொன்னேன்.

"அந்த ரவுண்டு பழசா தெரியும்ங்க," என்றார் படம் வரையும் பெண். "வெயில் சாஞ்சு அடிக்குது, நெழல் மட்டும் நேரா காலடியிலயா? தப்பில்லையா?"

"தப்பாவே இருக்கட்டும்ங்க. அந்தப் பாலத்த நீங்க ஒரே ஒருக்கா தாண்டிக் காட்டுங்க, நான் வாயே தெறக்கல."

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. தாண்டிவிட்டால்? எல்லோரும் பார்க்க அவர் ஆடினார். முதல் பலகை சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் பலகைக்கு முன்னாலேயே இறங்கி, பனிக்குள் போனார். மறுபடி ஆடினார், மறுபடி விழுந்தார்.

"வட்டத்த வெச்சிருங்க," என்றார் மேனேஜர். ஓசூர்க்காரர், அதிகம் பேசாதவர். "எப்படிங்க இத இவ்ளோ கரெக்டா புடிச்சீங்க?"

"என் ஃப்ரெண்டு சொன்னதுங்க சார். அவனுக்கு ஒத்தக்கண்ணு."

"அட, அப்ப அவரையே ஒருக்கா ஆட வெச்சுப் பாக்கலாமே. நம்பர் சொல்லுங்க, நானே பேசறேன்."

சொல்ல ஆரம்பித்துவிட்டேன்டா. யோசிக்கவே இல்லை, உன் நம்பர் பாதிவரை கடகடவென்று வந்தது. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

"மீதி சொல்லுங்க. கட் ஆவுதா?"

மைக்கை அணைத்துவிட்டு மீதியையும் சொல்லி முடித்தேன்.